கையெழுத்தும் போட்டுட்டு "இத நான் கேக்கவே இல்லையே"ன்றார், என்ன பண்றது?

கேள்வி: சார், புதுச்சேரி லாஸ்பேட்டைல ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனில வேல பாக்கறேன். கடலூர் முதுநகர் துறைமுகத்துல மீன் ஏலம் விடற ஒரு கமிஷன்காரருக்கு ஏலக்கணக்கு ஆப் ஒண்ணு பண்ணோம். நெட்ல இருந்து ஐஇஇஇ 830ன்ற தர முறையோட டெம்ப்ளேட் எடுத்து 70 பக்கத்துக்கு எஸ்ஆர்எஸ், அதாவது சாஃப்ட்வேர் என்ன செய்யணும்ன்ற டாக்குமென்ட் எழுதி, பக்கத்துக்கு பக்கம் அவர்கிட்ட கையெழுத்தும் வாங்கினேன். நேரம் கம்மின்றதால முன்னாடி ஒரு காய்கறி மண்டிக்கு பண்ண பில்லிங் கோடயே எடுத்து மாத்திக்கிட்டோம். குடுத்து ஒரு மாசம் ஆச்சு, கணக்கு எழுதற பையன் இன்னும் நோட்டுல தான் எழுதறான், அப்பறமா வீட்டுக்கு போய் ஆப்ல ஏத்தறான். கேட்டா, மூணு நாலு பொம்பளைங்க சேந்து ஒரு குவியல் எடுக்கறாங்க ஆனா ஆப்ல ஒரு பேர் தான் போட முடியுது, ஏலம் முடிஞ்சப்பறம் விலைய குறைக்கறாங்க ஆப் மாத்த விடமாட்டேங்குது, கை ஈரமா இருந்தா ஸ்க்ரீனே வேல செய்யலன்றான். ஓனர், அதான் அந்த கமிஷன்காரர், "இத நான் கேக்கவே இல்லையே"ன்னு மீதி பணத்த நிறுத்தி வெச்சிருக்கார். அடுத்த தடவ டாக்குமென்ட்ட இன்னும் டைட்டா எழுதணுமா, இல்ல டாக்குமென்ட்டே வேணாம்னு, கொஞ்சம் கொஞ்சமா பண்ணி காமிச்சு திருத்தற அஜைல் பக்கம் போயிடலாமா? இந்த மாத்தத்துக்கெல்லாம் தனியா காசு கேக்கலாமா? பேர் வேணாம் சார்.
கடலூர் வாசகர்

பதில்: தம்பி, நீங்க அனுப்பின 70 பக்கத்தையும் உக்காந்து படிச்சேன். எழுத்து சுத்தமா இருக்கு, நம்பர் போட்டிருக்கீங்க, படம் போட்டிருக்கீங்க, ஆனா மொத்த 70 பக்கத்துலயும் துறைமுகம் எங்கயுமே இல்ல. பாஸ்வேர்டு எத்தன எழுத்து இருக்கணும்னு இருக்கு, ரிப்போர்ட்ல எந்த கட்டம் எந்த பக்கம் வரணும்னு இருக்கு. "பயனர் மீன் வகையைத் தேர்வு செய்து, எடையையும் வாங்குபவர் பெயரையும் உள்ளிட்டு சேமிக்க வேண்டும்"னு ஒரு வரி இருக்கு. இத படிச்சிட்டு அந்த ஓனர் எத தப்புன்னு சொல்லுவார், சொல்லுங்க? மீன் வகையா, இருக்கு. எடையா, இருக்கு. பேரா, இருக்கு. சரி தான்னு போட்டிருப்பார் கையெழுத்த. அவர் உங்கள ஏமாத்தல. அவருக்கு ஸ்க்ரீன் பத்தி தெரியாது, ஏலம் பத்தி தான் தெரியும், "ஒரு குவியலுக்கு ஒரே ஆள் தான் வாங்குவார்னு நாங்க நெனச்சுக்கிட்டு இருக்கோம்"னு ஒரு வரி நீங்க எழுதியிருந்தீங்கன்னா அத படிச்ச அந்த நிமிஷமே "அட யாருப்பா சொன்னா"ன்னு சிரிச்சிருப்பார், அங்கயே முடிஞ்சிருக்கும் விஷயம்.

அந்த ஒரு வரி தான் உங்க டாக்குமென்ட்ல இல்லாதது. நான் சொல்ல வர்றதே அது ஒண்ணு தான்.

ரிக்வயர்மென்ட், அதாவது தேவன்னு நாம பொத்தாம்பொதுவா சொல்றதுல மூணு சமாச்சாரம் ஒண்ணா கலந்து கெடக்கு. அத நல்லா பிரிச்சு காட்டினவர் மைக்கேல் ஜாக்சன்னு ஒரு இங்கிலாந்துக்காரர் (பாடகர் இல்ல, இவர் சாஃப்ட்வேர்காரர்), 1990கள்ல இவரும் பமீலா ஸேவ்ங்கறவங்களும் சேந்து இத பத்தி எழுதியிருக்காங்க. முதல் சமாச்சாரம், வெளி உலகத்துல என்ன நடக்கணும்னு கிளையன்ட் ஆசப்படறார்ன்றது. ரெண்டாவது, அந்த உலகம் எப்படி இருக்குன்னு நாம நம்பிக்கிட்டு இருக்கோம்ன்றது. மூணாவது தான் நம்ம மெஷின் என்ன செய்யணும்ன்றது. மூணாவது மட்டும் சரியா இருந்து ரெண்டாவது தப்பா போச்சுன்னா முதல்ல சொன்னது நடக்காது, அப்ப நம்ம சாஃப்ட்வேர்ல ஒரு பக் கூட இருக்காது, எல்லா டெஸ்டும் பாஸ் ஆகும், ஆனா கிளையன்ட் கோவமா இருப்பார். உங்க கத அதே தான்.

இது மீன் ஏலத்துக்கு மட்டும் வர்ற வியாதின்னு நெனக்காதீங்க. 1993 செப்டம்பர் 14, வார்சா ஏர்போர்ட், லுஃப்தான்சாவோட ஏர்பஸ் ஏ320 ஒண்ணு நல்ல மழைல எறங்குது. ப்ளேன் தரைய தொட்டப்பறம் தான் வேகத்த குறைக்கறதுக்கு எறக்க மேல இருக்கற தட்டுங்க எழும்பணும், இஞ்சின் எதிர் தெசைல தள்ளணும், பறந்துக்கிட்டு இருக்கும்போது இது நடந்துட்டா அவ்ளோ பேரும் காலி, அதனால "தரைல இருந்தா மட்டும் தான் எழும்பணும்"ன்றது தான் முதல் தேவ. நியாயமான தேவ. ஆனா கம்ப்யூட்டருக்கு தரைன்னா என்னன்னு எங்க தெரியும், அதுக்கு தெரிஞ்சதெல்லாம் சென்சார் தான், அதனால ரெண்டு பக்க மெயின் சக்கரக் கால் மேலயும் தலா 6.3 டன் பாரம் எறங்கியிருக்கணும், இல்லாட்டி சக்கரம் 72 நாட் வேகத்துக்கு மேல, அதாவது மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல சுத்தணும், அப்ப தான் தட்டு எழும்பும்னு எழுதி வெச்சாங்க. ரிவர்ஸுக்கும் ரெண்டு காலும் அமுங்கியிருக்கணும். அன்னிக்கு பைலட்டுக்கு கெடச்ச தகவல் பக்கவாட்டு காத்துன்னு, அதனால ப்ளேன லேசா வலது பக்கம் சாய்ச்சு, வேகத்தயும் கொஞ்சம் கூட்டி எறக்கினார். ஆனா உண்மைல பின்னாடி இருந்து தள்ற காத்து. வலது சக்கரம் மொதல்ல தொட்டுது, இடது சக்கரம் தொட 9 செகண்ட் ஆச்சு, ஓடுபாதைல தண்ணி நின்னதால சக்கரம் சுத்தாம வழுக்கிக்கிட்டே போச்சு. ப்ளேன் தரைல தான் ஓடுது, கம்ப்யூட்டர் கணக்குப்படி அது தரைல இல்ல. ஓடுபாதைய தாண்டிப் போய் மண்மேட்டுல இடிச்சுது, 70 பேர்ல 2 பேர் செத்துப்போனாங்க. சாஃப்ட்வேர் எழுதிக்குடுத்தத அட்சரம் பிசகாம செஞ்சுது. "தரைல இருக்கற ப்ளேன்னா ரெண்டு கால்லயும் பாரம் இருக்கும், இல்ல சக்கரமாவது சுத்தும்"ன்ற நம்பிக்க தான் அந்த மழைல பொய்யாச்சு.

பழைய கோட எடுத்து போட்டேன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கும் ஒண்ணு இருக்கு, சுருக்கமா சொல்றேன். 1996 ஜூன் 4, ஏரியன் 5 ராக்கெட்டோட மொத பயணம், கெளம்பி 40 செகண்ட் தாண்டல, செதறிடுச்சு. ஏரியன் 4ல ஒழுங்கா ஓடிக்கிட்டு இருந்த கோட அப்படியே கொண்டுவந்தாங்க, புது ராக்கெட்டோட கிடைமட்ட வேகம் பழசு மாதிரி இல்ல, ரொம்ப அதிகம், அந்த நம்பர் கோடுல ஒதுக்கின 16 பிட் எடத்துக்குள்ள அடங்கல. விசாரணை அறிக்கைல என்ன சொன்னாங்கன்னா, ராக்கெட்டோட நெலைய அளக்கற கருவியோட ஸ்பெக்ல, அதாவது தேவைங்கள எழுதின டாக்குமென்ட்ல, ஏரியன் 5 போற பாதையோட கணக்கே ஒரு தேவையா சேக்கப்படலன்னு. கோட கொண்டுவந்தா அது பொறந்த எடத்தோட நம்பிக்கயும் கூடவே ஒட்டிக்கிட்டு வரும் தம்பி. உங்க மண்டி கோடுல ஒரு மூட்டைக்கு ஒரு எடை, ஒரு மூட்டைக்கு ஒரு ஆள், பில் போட்டா போட்டது தான். காய்கறிக்கு அது சரியாவே இருந்திருக்கும்.

இப்ப உங்க 70 பக்கம் எதயெல்லாம் வாய தொறக்காம நம்பிச்சுன்னு பாப்போம். ஒரு குவியல், ஒரு ஆள். இது தான் பெரிய அடி, ஏன்னா இது ஸ்க்ரீன்ல இல்ல, ஆப் கணக்க சேத்து வைக்கற டேபிள் டிசைன்லயே போய் உக்காந்துடுச்சு. ஏல டேபிள்ல வாங்குறவர் ஐடி ஒரே ஒரு கட்டமா இருக்கு இல்லியா, அத பிரிச்சு பங்குன்னு தனி டேபிள் ஆக்கணும், அதுக்கப்பறம் ரசீது, பாக்கி, ரிப்போர்ட்டுன்னு அத தொட்ட எல்லாத்தயும் மாத்தணும். அடுத்தது, விலை முடிஞ்சா முடிஞ்சது தான்ன்றது. சேவ் பண்ணப்பறம் யாரும் திருத்த முடியாதுன்றத பாதுகாப்பு வசதின்னு தனி தலைப்பு போட்டு பெருமையா எழுதியிருக்கீங்க. ஆனா அங்க குவியல கெளறி பாத்து அடில இருக்கறது நசுங்கியிருந்தா வெலைய கொறச்சிக்கறது தான் பழக்கம்னு பையனே சொல்றான். தப்பு பண்ணி மாத்தறது வேற, பேசி ஒத்துக்கிட்டு மாத்தறது வேற, ரெண்டாவதுக்கு வழி இருக்கணும், யார் எப்ப எவ்ளோ கொறச்சாங்கன்னு தடயமும் இருக்கணும். அப்பறம் எடை. சின்ன மீன எல்லாரும் கிலோ போட்டு தான் எடுக்கறாங்களா, இல்ல கூடை கணக்கா, நீங்க விசாரிக்கவே இல்லன்னு நெனக்கறேன், போய் பாருங்க. நெட் எப்பவும் இருக்கும்ன்றது இன்னொண்ணு. கடலூர்க்காரருக்கு 'தானே'ன்னு பேர் வெச்ச புயல நான் ஞாபகப்படுத்தணுமா என்ன, 2011 டிசம்பர் 30 காலைல கரைய கடந்துது, அப்பறம் நாள்கணக்குல நம்ம பக்கம் கரண்ட் இல்ல. புயல் அன்னிக்கு ஏலம் நடக்காது தான், ஆனா புயல் ஓஞ்ச மறுநாள் ஆளாளுக்கு காசு தேவப்படும், யார் யாருக்கு எவ்ளோ பாக்கின்ற கணக்கு தான் மொதல்ல தேடுவாங்க. உங்க சர்வர் எங்க இருக்கு? ஓனர் கடைல மேசைக்கு கீழன்னு டாக்குமென்ட் சொல்லுது.

சரி இதயெல்லாம் எப்படி முன்னாடியே கண்டுபிடிக்கறது. "உங்களுக்கு என்ன வேணும்"னு கேட்டா யாருக்கும் பதில் சொல்லத் தெரியாது, ஆப் வேணும், ரிப்போர்ட் வேணும், வாட்ஸப்ல பில் போகணும்பாங்க. அதுக்கு பதிலா அந்த பழைய நோட்ட வாங்குங்க. ஒரு மாச நோட்டு போதும். நேரா எழுதின வரிய விடுங்க, அடிச்சு எழுதினது, ஓரத்துல அம்புக்குறி போட்டது, பக்கத்துல வேற மைல எழுதினது, வட்டம் போட்டு கேள்விக்குறி போட்டது, இத மட்டும் ஒவ்வொண்ணா காமிச்சு "இது என்ன தம்பி, இங்க என்ன ஆச்சு"ன்னு அந்த பையன கேளுங்க. ஒவ்வொரு அடிச்சலும் ஒரு கதைய சொல்லும், உங்க 70 பக்கத்துல இல்லாத தேவ பூரா அந்த ஓரத்துல தான் இருக்கும். ஓனர்கிட்ட ஒரே கேள்வி, கடைசியா கணக்குல எப்ப சண்ட வந்துச்சு, எதனால வந்துச்சு. அப்பறம் விடியறதுக்கு முன்னாடி போய் ஏலம் நடக்கற எடத்துல சும்மா நில்லுங்க, லேப்டாப் எடுத்துட்டு போகாதீங்க, மீன் வாங்கற அக்காங்ககிட்ட பேச்சு குடுங்க. நீங்க இன்னி வரைக்கும் ஓனர்கிட்ட மட்டும் தான் பேசியிருக்கீங்க, அவர் காசு குடுக்கறவர், ஆனா ஆப்ப தொடறவர் இல்ல.

இதுல ஒரு சிக்கலான விஷயம் இருக்கு. உங்க ரிப்போர்ட் 7ல யார் யார் எவ்ளோ பாக்கின்னு லிஸ்ட் போகுது, அத எல்லா வியாபாரிங்க போன்லயும் பாக்கற மாதிரி வெச்சிருக்கீங்க. ஓனருக்கு அது வசதி, பாக்கிய வசூல் பண்ண ஒரு நெருக்கடி மாதிரி. கூடை தூக்கற ஒரு அம்மா தன்னோட கடன் ஊருக்கே தெரியறத விரும்புவாங்களா? நேர்ல இத பத்தி பேசினா ஓனருக்கும் அவங்களுக்கும் ஒத்துவராது, அது சகஜம், ஆனா அந்த முரண்பாட்ட நீங்க ஸ்க்ரீன் டிசைன்ல சத்தமில்லாம ஓனர் பக்கமா தீத்து வெச்சுட்டீங்க. என் கருத்து, அவங்க அவங்க பாக்கி அவங்களுக்கும் ஓனருக்கும் மட்டும் தெரிஞ்சா போதும். இத நீங்களா முடிவு பண்ணாதீங்க, எழுதி வெச்சு ஓனர கேளுங்க, அவர் வேற மாதிரி சொன்னா ஏன்னும் எழுதி வைங்க.

ஈரக்கை விஷயத்துக்கு வருவோம், இது எனக்கு ரொம்ப புடிச்ச எடம். போன் டச் ஸ்க்ரீன் தண்ணி பட்டா தடுமாறும், தண்ணியும் விரல் மாதிரியே அதுக்கு தெரியும், உங்க கோடால அத ஒண்ணும் பண்ண முடியாது. உடனே வாட்டர்ப்ரூஃப் டேப்லட் வாங்கலாமா, பட்டன் வெச்ச மெஷின் வாங்கலாமான்னு யோசிக்க ஆரம்பிச்சிருப்பீங்க. கொஞ்சம் நில்லுங்க. ஏலம் நடக்கற அதே செகண்ட்ல ஆப்ல ஏறணும்னு யார் கேட்டது? எனக்கு தெரிஞ்சு யாரும் கேக்கல, ஆப்புன்னா அப்படித்தான் இருக்கும்னு நீங்களா எடுத்துக்கிட்டீங்க. ஓனருக்கு நெஜமா வேணுங்கறது மத்தியானம் போட் ஓனர்கிட்ட கணக்கு முடிக்கும்போது ஒவ்வொரு குவியலுக்கும் யார் எவ்ளோ தரணும்ன்றதுல மூணு தரப்பும் ஒத்துப்போகணும், அவ்ளோ தான். அப்படின்னா அந்த பையன் நோட்டுல எழுதி பின்னாடி ஏத்தறான் பாருங்க, அது உங்க தோல்வி இல்ல, அது தான் சரியான டிசைனா கூட இருக்கலாம். சிஸ்டம்ன்னா ஆப் மட்டும் இல்லியே, பையன், நோட்டு, பேனா, போன், ஏலக்காரரோட தொண்டை எல்லாம் சேந்தது தான் சிஸ்டம். காலைல நோட்டு, ஏலம் முடிஞ்சு கை தொடச்சிட்டு ஷெட்டுல உக்காந்து வேகமா ஏத்தறதுக்கு ஒரு ஸ்க்ரீன், ஒரு வரி ஏத்த மூணு நாலு தட்டுக்கு மேல ஆகக்கூடாது, நோட்டு பக்கத்த போட்டோ எடுத்து அந்த நாள் கணக்கோட சேத்து வைக்கலாம். வீட்டுக்கு போய் ராத்திரி ஏத்தறது தான் பிரச்சன, ஏன்னா மத்தியானக் கணக்குக்கு அது உதவாது.

எழுதற விதத்துக்கு வர்றேன். நீங்க எடுத்த ஐஇஇஇ 830 1998 வருஷத்து பதிப்பு, 2011ல ஐஎஸ்ஓ 29148 வந்து அத ஓரங்கட்டிடுச்சு, 2018ல திரும்ப திருத்தி விட்டாங்க. அதுக்காக அத வாங்கி 100 பக்கம் எழுதாதீங்க, அதுல ஒரு தேவ எப்படி இருக்கணும்னு சொல்லியிருக்கறத மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா போதும், ஒரு வரில ஒரே விஷயம், ரெண்டு அர்த்தம் வரக்கூடாது, சோதிச்சு பாக்க முடியணும். வாக்கியத்துக்கு ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனில ஜெட் இஞ்சின் கன்ட்ரோலுக்கு எழுதிக்கிட்டு இருந்த அலிஸ்டர் மேவினும் கூட இருந்தவங்களும் 2009ல ஒரு முறைய வெளியிட்டாங்க, ஈயர்ஸ்ன்னு பேரு. எது நடந்தா, எந்த நெலமைல, எது தவறினான்னு மொதல்ல சொல்லிட்டு அப்பறம் சிஸ்டம் என்ன செய்யணும்னு சொல்றது, நம்ம தமிழ்ல இயல்பாவே அப்படித்தான பேசறோம். உங்களுக்கு மூணு எழுதிக்காட்டறேன். "குவியலுக்கு விலை முடிஞ்சதும், ஒண்ணுல இருந்து ஆறு பேர் வரைக்கும் பங்கு பிரிச்சு எழுத ஆப் விடணும்." "நெட் இல்லாத நேரத்துல, எல்லா பதிவயும் ஆப் போன்லயே வெச்சிருந்து நெட் வந்ததும் அனுப்பணும்." "பங்குத்தொகைய கூட்டினா குவியல் விலைக்கு சமமா வரலன்னா, ஆப் அந்த குவியல தனியா காட்டணும், அத சரி பண்ணாம நாள் கணக்க முடிக்க விடக்கூடாது." ஆறு பேர்ன்றது நான் சும்மா போட்டது, நோட்ட பாத்து அதிகபட்சம் எத்தன பேர் சேந்தாங்கன்னு எண்ணிட்டு நீங்க மாத்துங்க, ஏன் அந்த நம்பர்னு பக்கத்துலயே எழுதுங்க. "ஆப் எளிமையாகவும் விரைவாகவும் பாதுகாப்பாகவும் இருக்க வேண்டும்"னு 2.1ல ஒரு வரி வெச்சிருக்கீங்களே, அத தூக்கிடுங்க, அத வெச்சு யாராலயும் எதயும் சோதிக்க முடியாது. ஸ்க்ரீன் படமெல்லாம் தனியா வைங்க. நம்பிக்கைங்களுக்கு ஒரு பக்கம், டாக்குமென்ட்டோட மொத பக்கமா, ஓனருக்கு வாசிச்சு காட்டற பக்கமா இருக்கட்டும். மொத்தம் 15 பக்கம் வந்தா கூட அதிகம்.

அஜைல் போகலாமான்னு கேட்டீங்க. தாராளமா போங்க, சீக்கிரம் காமிச்சா சீக்கிரம் திட்டு வாங்கலாம், நல்லது தான். ஆனா அஜைல்ல தேவைய எழுதற கார்டுல "வியாபாரியாக நான் ஒரு குவியலை வாங்க விரும்புகிறேன்"னு எழுதினா அங்கயும் ஒரே ஆள் தான் வாங்கறார், பாத்தீங்களா. பேப்பர் கொறையும், நம்பிக்க அப்படியே தான் ஒளிஞ்சிருக்கும்.

காசு. மாத்தத்த ரெண்டா பிரிங்க. நீங்க டாக்குமென்ட் எழுதறதுக்கு முன்னாடியே துறைமுகத்துல நடந்துக்கிட்டு இருந்தது, நீங்க போய் பாக்காதது, அது உங்க செலவு. பங்கு பிரிக்கறதும் விலை கொறைக்கறதும் அந்த கணக்கு, கையெழுத்த காமிச்சு காசு கேட்டீங்கன்னா சட்டப்படி சரியா இருக்கலாம், ஆனா முதுநகர்ல அடுத்த ஆர்டர் வராது. இப்ப புதுசா ஆசப்பட்டு கேக்கறது, வாட்ஸப் பில் மாதிரி, அதுக்கு தாராளமா தனி காசு, யார் கேட்டா, என்னிக்கு கேட்டா, எத்தன நாள் வேலன்னு ஒரு ஷீட்டுல போட்டு அவர் ஓகே சொன்னப்பறம் தொடுங்க. அடுத்த ப்ராஜெக்ட்ல இருந்து இந்த பாக்கற, கேக்கற, எழுதற வேலைய தனி கட்டமா வெச்சு தனி ரேட் போடுங்க, இலவசமா பண்ற வேலைய யாரும் முழுசா பண்றதில்ல, நீங்களும் பண்ணல.

நிறுத்தி வெச்ச பணத்துக்கு ஓனர்கிட்ட போய் இப்படி பேசுங்க: ரெண்டு மாத்தத்தயும் எங்க செலவுல பண்ணித் தர்றோம், அப்பறம் தொடர்ந்து ஒரு வாரம் மத்தியானக் கணக்கு ஆப்ல இருந்தே எடுத்து, போட் ஓனரும் வாங்கினவங்களும் ஒத்துக்கிட்டு முடிஞ்சா மீதி பணம் மொத்தமும் தரணும், அவ்ளோ தான் நிபந்தனன்னு. இத பேப்பர்ல எழுதி, இதுக்கு வாங்குங்க கையெழுத்த. ஒண்ணே ஒண்ணு, அந்த ஒரு வாரத்த ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் இருக்கற மீன்பிடி தடைக்காலத்துக்குள்ள ஒத்துக்காதீங்க. விசைப்படகு போகாம நாட்டுப்படகு மீன் மட்டும் வர்ற நாள்ல எந்த ஆப்பும் நல்லா தான் ஓடும், ஜூன் 15க்கு அப்பறம் எல்லா போட்டும் ஒண்ணா வந்து நிக்கும்போது தான் தெரியும், அப்ப திரும்ப எனக்கு லெட்டர் போடுவீங்க. தடைக்காலத்துல நோட்ட வெச்சுக்கிட்டு அந்த பையனோட உக்காருங்க, அப்ப தான் அவனுக்கும் நேரம் இருக்கும்.